பாதியில் நின்ற பேய்ப்படம்

ஆடுகிறவர்களைக் கொன்றுபோடும் வீடியோ கேம் ஒன்றைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பேய்ப்படம் உண்டு. அதன் நிறைகுறைகளை விலாவாரியாகப் பேச எங்கள் தர்மபுரி மாவட்டத்தில் இரண்டு பேரால்தான் முடியும். ஒன்று நான், இன்னொன்று என் அக்கா. படத்தின் பெயர் மட்டும் எங்களுக்குத் தெரியாது. கேசட்டின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தில் ஏதோ ஒரு தமிழ்ப் படத்தின் பெயரை எழுதி அடித்திருந்தார்கள். திரையில் பெயர் வந்த இடத்தில் கோடுகோடாக மழை பெய்தது. எனக்கு அப்போது பதினைந்து பதினாறு வயது. அந்த வயதில் பேய் வருகிறதா என்பதுதான் முக்கியம், பெயர் யாருக்கு வேண்டும்?

எண்பதுகளின் பின்பாதி அது. மாரண்டஹள்ளியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் ஊர். தக்காளியும் அவரையும் போடும் கிறிஸ்தவக் குடும்பங்கள் ஒரு தெருவில் இருந்தோம். தெருக்கோடியில் ஒரு சின்னக் கோயில். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாமியார் வந்து பூசை வைப்பார். மற்ற நாளெல்லாம் உபதேசியார்தான் மணி அடிப்பார், செபம் சொல்லிக் கொடுப்பார், பிள்ளைகள் காதைத் திருகுவார். வீடியோ கேம் என்ற பொருளை அந்தத் தெருவில் ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை.

அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். சினிமாப் பைத்தியம். டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வந்தால், அடுத்த வாரம் முழுக்க அந்தப் படத்தைப் பிரித்து மேய்வாள். யார் நடிப்பு எடுபடவில்லை, எந்தச் சண்டையை வெட்டியிருக்கலாம், கதாநாயகியின் அப்பா எதற்குச் செத்தார் என்றெல்லாம் கேட்பாள். நான் எல்லாப் படமும் நல்ல படம் என்று சொல்கிற ரகம். "உனக்குப் படம் காட்டறது எருமைக்குச் சந்தனம் பூசற மாதிரிடி" என்பாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இருந்தும் அவள் பேசுவதை விட்டு எழுந்து போனதில்லை.

அப்படிப்பட்டவள் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு ஒரு நாள், மடத்தில் சேர்ந்து சிஸ்டராகப் போகிறேன் என்றாள். நான் முதலில் சிரித்தேன். புளியமரத்தில் ஏறி விசில் அடிக்கிறவள், பூசையில் பாதி நேரம் தூங்கி வழிகிறவள், இவள் எந்த மடத்தில் சேருவது? ஆனால் அவள் சும்மா சொல்லவில்லை. அதற்கு முந்தின வருஷம் அம்மாவின் காலில் ஆணி குத்திப் புண் சீழ் வைத்தபோது, சிஸ்டர்கள் நடத்தும் சின்ன ஆஸ்பத்திரிக்கு அக்காதான் அவரைக் கூட்டிப் போய் வந்தாள். அம்மாவுக்குக் கால் ஆறிய பிறகும் அவள் போவதை நிறுத்தவில்லை. அங்கே துணி சுருட்டுவதும் புண் கழுவுவதுமாக இருந்தாள்.

"புண்ணைக் கழுவறப்ப அவங்க மூஞ்சைச் சுளிக்கறதே இல்லடி. நானும் அப்பிடி இருந்து பாக்கணும்" என்றாள். அதுதான் அவள் சொன்ன ஒரே காரணம். சேலம் பக்கத்தில் இருக்கும் தலைமை மடத்திலிருந்து ஒரு பெரிய சிஸ்டர் வந்து அப்பாவிடமும் அம்மாவிடமும் பேசினார். மார்ச் மாதம் சூசையப்பர் திருநாளன்று கொண்டுவந்து விடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டார். அம்மா பெரிய செபக்காரி. "சாமி கேட்டா குடுக்காம முடியுமா" என்றார். அதோடு சரி.

எனக்கு மட்டும்தான் ஆறவில்லை. மடத்துக்குப் போனவர்கள் எப்போது திரும்பி வருவார்கள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. எப்படியாவது அவளை நிறுத்திவிட வேண்டும் என்பதைத் தவிர அந்த மாதங்களில் என் தலையில் வேறு எதுவும் இல்லை.

எனக்குத் துணையாக ஒருவர் இருப்பார் என்று நினைத்தேன். அது எங்கள் அத்தை மகன். ஓசூரில் ஒரு ஃபேக்டரியில் வேலை. நாங்கள் இருவரும் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவோம். அக்காவை அவருக்குத்தான் கட்டிக் கொடுப்பார்கள் என்பது இரண்டு வீட்டிலும் பேசாமலே பேசி முடித்திருந்த விஷயம். செய்தி கேட்டு வந்தவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் தவசு காலம் தொடங்குவதற்கு முந்தின நாள், அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஓசூருக்குத் தக்காளி இறக்கிவிட்டுத் திரும்பிய வேனில் காலிக் கூடைகளுக்கு நடுவே ஒரு கலர் டி.வி.யையும் கேசட் போட்டுப் படம் பார்க்கும் டெக்கையும் அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினார்.

தவசு காலம் என்றால் எங்கள் வீட்டில் என்னவென்று சொல்லிவிடுகிறேன். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் கறி கிடையாது, பூ கிடையாது, சினிமா கிடையாது. பெரியவர்கள் ஒருசந்தி இருப்பார்கள். ஒருசந்தி என்றால் நாளுக்கு ஒரே வேளைச் சாப்பாடு. அதனால் அந்தச் செவ்வாய்க்கிழமை கறி எடுத்து மூக்குமுட்டச் சாப்பிடுவது வழக்கம். அன்றைக்குக் கறிக்குழம்போடு படமும் சேர்ந்துகொண்டது.

டி.வி.யை நெல்லுப்பானை மேல் பலகை போட்டு வைத்தார் மாமா. அம்மா அவரைக்காய் உரித்துக்கொண்டே உட்கார்ந்தார். அப்பா சுவரில் சாய்ந்து கால் நீட்டிக்கொண்டார். ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. வெகுநேரம் கழித்து வந்தது. மறுபடியும் முதலிலிருந்து போடு என்று நான் அடம் பிடித்தேன். அதில் வேறு நேரம் போனது. அந்த அடத்தை நினைத்து என்னை நானே திட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல.

கதை இதுதான். அமெரிக்காவில் ஒரு சின்ன ஊர். ஒரு கடையின் மூலையில் ஆள் உயரத்துக்கு ஒரு பெட்டி நிற்கிறது. காசு போட்டால் விளக்கெரிந்து உள்ளே ஒரு குட்டி மனிதன் ஓடுவான். பையன்கள் அவனை ஆட்டுவிக்கிறார்கள். பெட்டிக்குள் அந்தக் குட்டி மனிதன் எப்படிச் சாகிறானோ, ஆடியவனும் வெளியே அப்படியே சாகிறான். பள்ளத்தில் விழுந்தால் பள்ளத்தில், தண்ணீர் என்றால் தண்ணீரில். பயந்து பாதியில் விட்டுவிட்டு ஓடினாலும் சாவுதான். ஆங்கிலம் எங்களில் யாருக்கும் புரியாது. மாமா தனக்குப் புரிந்ததைச் சொன்னார். புரியாததையும் சொன்னார்.

அப்பா பாதிப் படத்தில் ஒரு கேள்வி கேட்டார். "ஏம்ப்பா, அந்தப் பொட்டியில ஜெயிச்சா என்னா குடுப்பாங்க?"

"ஒண்ணும் குடுக்க மாட்டாங்க" என்றார் மாமா.

"ஒண்ணுமே கெடையாதா? பின்ன என்னாத்துக்குடா உசுரை விட்டு ஆடறானுங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அப்பா தூங்கிப்போனார்.

மூன்று பேர் செத்து, நாலாவதாகக் கதாநாயகன் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றான். காசைத் துளையருகே கொண்டுபோனான். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போது கோயில் மணி அடித்தது. சாயங்கால ஆறு மணிக்கு உபதேசியார் அடிக்கும் மணி. அம்மா அவரைத் தொலியை உதறிவிட்டு எழுந்தார்.

"மணி அடிச்சாச்சு. தவசு காலம் வந்துடுச்சு. நிறுத்துப்பா."

"அத்தை, இன்னுங் கொஞ்சந்தான் இருக்குது" என்றார் மாமா.

"கொஞ்சமோ நெறையோ, சாமி காரியம். நிறுத்து."

நான் குதித்தேன், அழுதேன், தரையில் உருண்டேன் என்றுகூடச் சொல்லலாம். அம்மா பிளக்கைப் பிடுங்கிவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு முழங்காலில் நின்றார். அக்கா எழுந்தாள். அவளும் போய் அம்மாவுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்றாள்.

மறுநாள் சாம்பல் புதன் என்பதால் விடிகாலையிலேயே சாமியார் வந்து எல்லோர் நெற்றியிலும் சாம்பல் பூசினார். பூசை முடிந்து மாமா டெக்கையும் டி.வி.யையும் தூக்கிக்கொண்டு ஓசூர் பஸ்ஸுக்குக் கிளம்பினார். பஸ் வரும்வரை நான் அவரை விடவில்லை. "முடிவு என்னா மாமா, சொல்லுங்க மாமா" என்று நச்சரித்தேன்.

"எனக்கெப்பிடித் தெரியும் பாப்பா? நானும் உங்களோடதான பாத்தன்" என்றார். "ஈஸ்டருக்கு அந்தக் கேசட்டையே எடுத்துட்டு வரன். இருந்து பாரு."

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குள் ஒரு விளக்கு எரிந்தது. ஈஸ்டர் வருவது சூசையப்பர் திருநாளுக்குப் பிறகு. முடிவு தெரியாமல் ஒரு படத்தை விடுகிறவளா என் அக்கா? டாக்கீஸில் ஒரு தடவை கடைசி ரீல் அறுந்து போனதற்கு, மறுநாளும் போய் அந்தக் கடைசி ரீலை மட்டும் பார்த்துவிட்டு வந்தவள் அவள். இந்த முடிவைப் பார்க்காமல் மடத்துக்குப் போக அவளுக்கு மனசு வருமா? ஈஸ்டர் முடிந்து போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். அப்புறம் மே மாதம், அப்புறம் ஜூன் என்று தள்ளித் தள்ளி, மாமாவைக் கட்டி வைத்து, இதே தெருவில் இருத்திவிடலாம். பேய்ப்படத்தை வைத்து அக்காவைப் பிடித்து வைக்கலாம் என்று திட்டம் போட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அதனால் அந்தப் படத்தை அவள் மறக்கவிடக் கூடாது என்று முடிவு செய்தேன். பொதுவாகக் காட்டு வேலை என்றால் எனக்குத் தலைவலி வரும், வயிற்றுவலி வரும், பரீட்சை வரும். அந்தத் தவசு காலத்தில் எனக்கு ஒரு வலியும் வரவில்லை. பள்ளிக்கூடம் போகும் முன்பு ஒரு நடை, வந்த பிறகு ஒரு நடை, அக்காவோடு தக்காளி பறிக்கப் போனேன். அப்பாவுக்கே ஆச்சரியம்.

"தவசு காலத்துல சினிமாப் பேச்சு பேசலாமாக்கா?" என்று முதல் நாள் சந்தேகம் கேட்டேன்.

"பாக்கத்தான் கூடாது. பேசறதுக்கு எந்தச் சாமியாரும் தடை போடல" என்றாள்.

அந்த வாரங்களில் அவள் பேசிய பேச்சு இன்னும் என் காதில் இருக்கிறது. படத்தின் நிறை என்ன என்று கேட்டால், அந்தப் பெட்டியை அவசரப்பட்டுக் காட்டாததுதான் என்பாள். "மொதல்ல சத்தத்தை மட்டும் விடறான் பாத்தியா? டிங் டிங்குனு. அடுத்தாப்புல வெளிச்சம் மட்டும். பொட்டியைக் காட்டறப்ப நமக்கு ஏற்கனவே பாதி உசுரு போயிடுச்சு." இரண்டாவது, முதல் சாவு பட்டப்பகலில் நடக்கிறது. "இருட்டுல யார் வேணும்னாலும் பயமுறுத்தலாம். வெயில்ல பயமுறுத்தறவன்தான் கெட்டிக்காரன்." எங்கள் தக்காளிக் காட்டில் தலைக்கு மேல் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போது அவள் அதைச் சொன்னதும் எனக்கு முதுகு சில்லிட்டது. திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

குறைகள்தான் அதிகம். போலீஸ்காரர் எதற்கு வருகிறார், எதற்குப் போகிறார் என்று யாருக்கும் தெரியாது. தாடி வைத்த விஞ்ஞானி ஒருவர் வந்து நின்ற இடத்திலேயே பேசிக்கொண்டிருக்கிறார். கதாநாயகிக்குக் கத்துவதைத் தவிர வேறு வேலை இல்லை. "அவ தொண்டைக்குத்தான் சம்பளம் குடுத்திருக்காங்க." எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, பயப்பட வேண்டிய இடத்தில் முன்கூட்டியே பாட்டு போட்டு எச்சரித்துவிடுகிறார்கள் என்பது. "இப்பப் பயப்படு, இப்பப் பயப்படுன்னு சொல்லிச் சொல்லிப் பயமுறுத்துனா எப்பிடி? பயம் தானா வரணும்டி."

அப்பா கேட்ட கேள்வியையும் அவள் விடவில்லை. ஒன்றும் கிடைக்காத ஆட்டத்துக்கு உயிரை விடுவானா என்று நானும் கேட்டேன். அக்கா கூடையை இடுப்பில் தாங்கிக்கொண்டு யோசித்தாள். "கெடைக்கும்னு ஆடறவனை வுட, ஒண்ணுங் கெடைக்காதுன்னு தெரிஞ்சும் ஆடறவனைத்தான் நிறுத்த முடியாது" என்றாள். அது எனக்கு அப்போது பிடிக்கவில்லை. அவள் படத்தைப் பற்றிப் பேசுகிற மாதிரித் தெரியவில்லை.

நிறைகுறை பேசித் தீர்ந்ததும் முடிவுகளுக்கு வந்தோம். தினமும் ஒரு முடிவு சொல்வாள். ஒரு நாள் அந்தப் பெட்டி கெட்ட பெட்டியே இல்லை, ஆடிவிட்டு எல்லோரும் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்களே என்ற ஏக்கத்தில்தான் கொல்கிறது என்றாள். கதாநாயகன் அதற்குப் பக்கத்திலேயே ஒரு கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொள்கிறான், பெட்டி சமாதானமாகிறது. இன்னொரு நாள், பெட்டியைச் செய்தவனுடைய பெண்டாட்டி வருகிறாள். கேமுக்குள் ஓடும் அந்தக் குட்டி மனிதன் செத்துப்போன அவள் புருஷன். அவனை ஓடவிடாமல் ஒரு மரத்தடியில் உட்காரவைத்துவிட்டு அவளும் உட்கார்ந்துகொள்கிறாள். மற்றொரு நாள் எங்கள் ஊருக்கே பெட்டி வந்துவிடுகிறது. பஞ்சாயத்துக் கூடத்தில் வைக்கிறார்கள். எங்கள் ஆடு ஒயரை மென்றுவிடுகிறது. பேய் ஆட்டுக்குள் புகுந்துகொள்கிறது. அன்றைக்குப் பக்கத்துச் சால்களில் தக்காளி பறித்துக்கொண்டிருந்த கூலிக்காரப் பெண்கள் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். அவர்களும் எங்கள் சாலோடு ஒட்டியே பறித்து வந்தார்கள். அப்பா சத்தம் போட்டார்.

இரண்டாவது வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து வரும்போது உபதேசியாரிடம் அம்மா பேச்சுவாக்கில் அந்தச் செவ்வாய்க்கிழமைக் கதையைச் சொன்னார். உபதேசியார் சிரித்துவிட்டார்.

"தவசு காலம் ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேலதாங்க ஆரம்பம். சாயங்கால மணிக்கும் அதுக்கும் என்னா சம்பந்தம்? நீங்க படத்தை முழுசாவே பாத்திருக்கலாம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இத்தனை வருஷமாக அம்மா தப்புக் கணக்கிலேயே நோன்பு பிடித்திருக்கிறார். அதற்கு அம்மா சொன்ன பதில் இது. "இருக்கட்டுமே. சாமிக்குக் கொஞ்சம் சேத்துக் குடுத்தா நமக்குக் கொறைஞ்சா போயிடும்?"

நாள் நெருங்க நெருங்க எனக்குப் பயம் வந்தது. ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டேன். "ஈஸ்டர் முடிஞ்சு போயேன்கா. முடிவைப் பாத்துட்டுப் போ. பாதியில வுட்டா சாவுதான்னு படத்துலயே சொல்லியிருக்கான்."

அக்கா என் தலையில் ஒரு தட்டு தட்டினாள். "அதுக்குத்தான் நாம தெனம் ஒரு முடிவு பாக்கறமே" என்றாள்.

சூசையப்பரிடமே முறையிட்டேன். உங்கள் திருநாளன்று பஸ் ஓடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். பஸ் சரியான நேரத்துக்கு வந்தது. அக்கா ஒரு தகரப் பெட்டியோடு ஏறினாள். ஏறும் முன் என் கையைப் பிடித்தாள். எதற்கும் பயப்படாதவளின் கை ஜில்லென்று இருந்தது. அவள் படத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அம்மா அழவில்லை. அப்பா கூடப் போனார். பஸ் போன பிறகு நானும் அம்மாவும் வீட்டுக்கு நடந்தோம்.

ஈஸ்டருக்கு மாமா சொன்ன சொல் தவறாமல் டி.வி.யோடும் டெக்கோடும் வந்தார். அதே கேசட். நான் பார்க்க மாட்டேன் என்று ரோஷமாகத்தான் இருந்தேன். டிங் டிங் என்று சத்தம் கேட்டதும் வந்து உட்கார்ந்துவிட்டேன். விட்ட இடத்துக்குப் பிறகு கொஞ்ச நேரம்தான் மிச்சம் இருந்தது. கதாநாயகன் ஆடி ஜெயிக்கிறான். பெட்டி அணைகிறது. அதை லாரியில் ஏற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோகிறார்கள். நடுவில், முதலில் செத்த பையனின் அம்மா ஒரு தரம் வந்து போகிறாள். புது ஊரில் வேறொரு பையன் காசு போடுகிறான். விளக்கு எரிகிறது. முடிந்தது.

"அவ்ளோதானா?" என்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா சொன்ன முடிவுகளில் ஆட்டு முடிவுகூட இதைவிட எவ்வளவோ மேல்.

மாமா சிரித்தார். "உங்கக்காவும் இதையேதான் சொன்னா."

"எப்போ?"

சொன்ன பிறகுதான் வாய் தவறிவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. நான் விடுவேனா? சாம்பல் புதன் காலையில், பூசை முடிந்ததும், நெற்றியில் சாம்பலோடு கோயிலுக்குப் பின்னால் வந்து அக்கா அவரிடம் முடிவைக் கேட்டிருக்கிறாள். அவர் ஓசூரிலேயே ஒரு தடவை முழுப் படத்தையும் பார்த்துவிட்டுத்தான் கொண்டுவந்திருக்கிறார். சொல்லியிருக்கிறார். அவ்ளோதானா என்று கேட்டுவிட்டு, "பாப்பாகிட்ட சொல்லாதீங்க மாமா. தெரியாதுன்னே சொல்லிடுங்க" என்றிருக்கிறாள்.

"ஏன்னு நீங்க கேக்கலையா?"

"கேட்டன். 'நான் போறவரைக்கும் அவ எங்கூடக் காட்டுக்கு வருவா'ன்னா" என்றார். பிறகு டெக்கின் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தார். வெகுநேரம் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

அன்றைக்கு எனக்கு வந்தது கோபமா துக்கமா என்று பிரிக்க முடியவில்லை. நான் அவளைப் பிடித்து வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்த நாளெல்லாம் அவள் என்னிடமிருந்து விடைபெற்றுக்கொண்டிருந்திருக்கிறாள். ஒவ்வொரு முடிவையும் எனக்காக உட்கார்ந்து யோசித்திருக்கிறாள். தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதேன்.

ஈஸ்டருக்கு அம்மா கறிக்குழம்பு வைத்தார். எங்களுக்குப் போட்டார். தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை. சாயங்காலம் ஒரு வேளை கஞ்சி குடித்தார். மறுநாளும் அப்படியே. அந்த வாரமும் அப்படியே. தவசு காலம் முடிந்து வெகுநாள் ஆகியும் அம்மாவின் ஒருசந்தி முடியவில்லை. அப்பா கேட்டதற்கு, பழகிப்போச்சு, பசிக்கறதில்ல என்றார். ரவிக்கை தோளில் தொளதொளவென்று தொங்க ஆரம்பித்தது. செபமாலை உருட்டும்போது விரல்கள் நடுங்கின. சாமி கேட்டால் கொடுக்காமல் முடியுமா என்று சொன்னவருக்கு, கொடுத்துவிட்டுச் சாப்பாடு இறங்கவில்லை.

மழை ஆரம்பித்த பிறகுதான் மடத்தில் அக்காவைப் பார்க்க அனுமதி கிடைத்தது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டார் வரலாம். அம்மா வரவில்லை என்றார். கால் வலி என்றார். கிளம்பும்போது முறுக்கு டப்பாவை என் கையில் கொடுத்து, "நான் ஒருசந்தி இருக்கறதை அங்க போய் ஒளறி வைக்காத. அவ கெளம்பி வந்துடுவா" என்றார்.

அதைக் கேட்டதும் எனக்குப் புதிதாக ஒரு வழி திறந்த மாதிரி இருந்தது. நானும் அப்பாவும் பாலக்கோட்டில் ஒரு பஸ், தர்மபுரியில் ஒரு பஸ் மாறினோம். வழி முழுக்க அந்த வாக்கியத்தையே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். அம்மா சாப்புடறதில்லக்கா. நீ போனதுலருந்து ஒரு வேளைதான். அவ்வளவுதான் சொல்ல வேண்டும். அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவாள்.

மடத்தின் வராந்தாவில் எங்களை உட்காரவைத்தார்கள். அக்கா வெள்ளைச் சேலையில் வந்தாள். கொஞ்சம் கறுத்திருந்தாள். கையில் மருந்து வாசனை. அப்பாவைப் பெரிய சிஸ்டர் பேச அழைத்துப் போனதும் நான் சண்டையை ஆரம்பித்தேன். "முடிவு தெரிஞ்சுகிட்டே என்னை ஏமாத்துனியா?"

"மாமா சொல்லிட்டாங்களா?" என்று சிரித்தாள். "தெரிஞ்சிருந்தா நீ வேற என்னா பண்ணியிருப்ப? என்னை நிறுத்தறன்னு தெனமும் அழுதே தீத்திருப்ப. எனக்கு நீ சிரிக்கறதைப் பாத்துட்டுப் போகணும்னு இருந்துச்சுடி."

நான் பேச வாய் எடுக்கும்போது காலில் கட்டோடு ஒரு கிழவர் தூணைப் பிடித்துக்கொண்டு வந்தார். "கண்ணு, அவுந்து போச்சு" என்றார். அக்கா அவரைப் படியில் உட்காரவைத்து, காலைத் தன் முழங்கால் மேல் தூக்கி வைத்துக்கொண்டு கட்டினாள். நாற்றம் எனக்கே தாங்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். டாக்கீஸில் விளக்கணைந்து படம் ஆரம்பிக்கும்போது அவள் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

அவர் எழுந்து நடக்க ஆரம்பித்ததும், சொல்ல வந்ததை விட்டுவிட்டு நான் படத்தைப் பற்றியே பேசினேன். "ஒரே ஒரு எடம் நல்லா இருந்துச்சுக்கா. நாம பாக்காததுல. பொட்டி போனப்புறம், மொதல்ல செத்த பையனோட அம்மாவைக் காட்டறான். அவ மேசையில தட்டு வெச்சுச் சாப்பாடு போடறா. எதிர்ல யாரும் இல்ல. பாட்டு கீட்டு ஒண்ணும் இல்ல. சும்மா உக்காந்து அந்தத் தட்டையே பாத்துட்டு இருக்கறா. சாப்புடல."

"இதை மாமா சொல்லலையே" என்றாள் அக்கா.

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். முறுக்கு டப்பாவைத் திறந்தாள், தின்னாமலே மூடினாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"நம்மம்மா சாப்புடுதா?"

நான் அத்தனை மைல் சுமந்துகொண்டு வந்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொன்னால் சாயங்காலம் அவள் எங்களோடு பஸ்ஸில் இருப்பாள். நாளைக்குக் காலையில் தக்காளிக் காட்டில் இருப்பாள். கிழவர் தூணைப் பிடித்துப் பிடித்துத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார். அக்காவின் கண் அவர் காலில் அந்தக் கட்டு நிற்கிறதா என்று ஒரு தரம் பார்த்துவிட்டு என்னிடம் வந்தது.

"சாப்புடுதுக்கா" என்றேன். "நல்லாவே சாப்புடுது. உன் பங்கையும் சேத்துச் சாப்புடுது."

எந்தக் கதையிலும் ஓட்டையைக் கண்டுபிடித்துவிடுகிறவள் அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. "சரிடி" என்றாள். "சாமிக்கு நன்றி."

அப்பா வந்ததும் கிளம்பிவிட்டோம். கேட்டுக்கு வெளியே வந்து திரும்பிப் பார்த்தபோது அவள் வராந்தாவில் இல்லை. பிறகு எத்தனையோ வருஷம் கழித்துத்தான் அவள் வீட்டுக்கு வந்தாள், அதுவும் விருந்தாளி மாதிரி இரண்டு நாள். அன்றைக்கு அந்த வராந்தாவில், வந்துவிடு அக்கா என்று சொல்ல என் வாய் எவ்வளவு துடித்தது என்று அவளிடம் நான் சொன்னதேயில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும் இந்த நேரத்திலும் அது அடங்கவில்லை.